ஏழாமரத்தில் அம்பு வரும் நேரம்

எங்கள் ஊரில் பொழுது சாய்ந்து மாடுகள் வீடு திரும்பும் நேரத்துக்கு ஒரு அம்பு வரும். மேற்கே மலை இடுக்கிலிருந்து புறப்பட்டு, ஊர் எல்லையில் வரிசையாக நிற்கிற ஏழு மரங்களிலும் அது போட்ட ஓட்டைகள் வழியாகவே நுழைந்து, எல்லாத் தெருவையும் ஒரே மூச்சில் சுற்றி, கழுத்தில் மாலை இல்லாத ஆள் யாராவது இருந்தால் அந்த ஆளின் நெஞ்சில் ஏறி முதுகில் இறங்கி, வந்த வழியே மலைக்குப் போய்விடும். கதவைச் சாத்தினால் கதவைத் துளைக்கும், கட்டிலுக்கு அடியில் படுத்தால் கட்டிலைத் துளைக்கும், அந்த நேரத்துக்கு வெளியூர் போய்விடலாம் என்று கிளம்பியவர்களை எல்லைக்கு அப்பால் ஓட ஓட விரட்டித் தைத்திருக்கிறது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு வாயைப் பிளப்பார்கள். பிளக்க ஒன்றுமில்லை. சில ஊரில் தண்ணீர் வராது, சில ஊரில் பஸ் வராது, ஏழாமரத்தில் அம்பு வரும்.

அம்பு ராமருடையது, அதில் எங்களுக்குள் இரண்டு கருத்து கிடையாது. முன்பெல்லாம் சித்திரை பிறந்தால் எங்கள் ஊரில் வாலி வதைக் கூத்து நடக்கும். அண்ணன் வாலியும் தம்பி சுக்ரீவனும் கட்டிப் புரள்வார்கள். இரண்டு பேரும் ஒரே அச்சாக இருப்பதால் யாரை அடிப்பது என்று தெரியாமல் ராமர் முதல் தடவை விழிப்பார். பிறகு லட்சுமணன் அடையாளத்துக்குத் தம்பியின் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டு அனுப்ப, மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று, மாலை இல்லாத நெஞ்சைப் பார்த்து ராமர் அம்பு விடுவார். விழுந்து கிடக்கிற வாலி, ஏன் ஒளிந்து அடித்தாய் என்று சாமியைப் பார்த்துக் கேட்டுப் பாடுவான். அந்தப் பாட்டுக்குத்தான் கூட்டம். மற்ற ஊர்களில் ராமர் சொல்கிற பதிலுக்குக் கும்பிடு போடுவார்கள்; எங்கள் ஊரில் பெண்கள் எழுந்து போய் வாலியின் வாயில் ஆளுக்கு ஒரு மடக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், ஆண்கள் ராமரைப் பார்த்து, "ஒளிஞ்சு அடிக்கிறதுக்கு எதுக்குய்யா வில்லு?" என்று கத்துவார்கள், விடிந்ததும் எல்லோரும் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய் அதே ராமரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொள்வார்கள். சாமி என்றால் திட்டவும் செய்வோம், கும்பிடவும் செய்வோம்.

வாலி வேஷம் மொக்கையனுடையது. காளையின் கொம்பைப் பிடித்து மண்டி போட வைக்கிற ஆள், கோபம் வந்தால் கண் தெரியாது. கிணற்றுத் தண்ணீர் முறையில் வந்த தகராறில், கூடப் பிறந்த தம்பி தவசியின் வலது கையை வாய்க்கால் கல்லில் வைத்து மிதித்து விரல்களை ஒடித்தான். அதே மொக்கையன், ஓடையில் வெள்ளம் போன நாளில் காய்ச்சலில் கிடந்த பொண்டாட்டி ஒச்சம்மாளைத் தோளில் உட்காரவைத்துக் கழுத்தளவுத் தண்ணீரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். ஊரே அவனுக்குப் பயந்தது. ஒச்சம்மாள் ஒருத்திதான் அவனைப் பெயர் சொல்லித் திட்டுவாள், அவன் சிரித்துக்கொண்டு நிற்பான். ஒடிந்த கையோடு தவசி தோட்டத்துக் கொட்டகையில் தனியாகக் கிடந்தான். அண்ணன் மேல் அவனுக்கு இருந்த வெறுப்பும் மதினி மேல் அவனுக்கு இருந்த ஆசையும் ஊரில் எல்லோருக்கும் தெரியும், பேச மாட்டோம். கூத்துக்கு மட்டும் அண்ணனும் தம்பியும் ஒன்று சேர்வார்கள். தவசி சுக்ரீவன் வேஷம் கட்டுவான், கூத்துக்கான வில் அம்பு செய்வதும் அவன்தான். நாணல் குச்சி நுனியில் துணி உருண்டை கட்டி, மேலே ஜிகினாத் தாள் சுற்றிக் கொடுப்பான்.

அந்த வருஷம் வெளிச்சம் இருக்கும்போதே கூத்தை ஆரம்பித்தோம். ராமர் வேஷம் கட்டிய தையல்காரர் ரெங்கராசு முதல் மரத்துக்குப் பின்னால் நின்று நாணை இழுத்து விட்டார். அம்பு மொக்கையன் நெஞ்சில் பாய்ந்து, முதுகு வழியே வெளியே வந்து, மண்ணில் விழாமல் கூட்டத்தின் தலைக்கு மேலே ஒரு வட்டம் அடித்து, ஏழு மரங்களையும் வரிசையாகத் துளைத்துக்கொண்டு மேற்கே போய்விட்டது. நாங்கள் விசில் அடித்தோம். இப்படி ஒரு வித்தையை எந்த ஊர்க் கூத்திலும் பார்த்ததில்லை என்று பக்கத்து ஊர்க்காரர்களே கை தட்டினார்கள். மொக்கையன் மல்லாந்து விழுந்தான். பாட்டுக்கு ஆர்மோனியம் சுருதி கொடுத்தது, அவன் வாயைத் திறந்தான், சிவப்பாகக் கொப்பளித்தது, சாயம் பிரமாதம் என்றோம். பாட்டு மறந்துவிட்டது போல என்று கூத்து வாத்தியார் திரைக்குப் பின்னால் இருந்து அவனுக்காகப் பாட ஆரம்பித்தார். அப்படியாக, செத்துக்கொண்டிருந்தவன் சாமியைக் கேட்க வேண்டிய கேள்வியை வேறொரு தொண்டை கேட்டது, நாங்கள் வழக்கம் போல ராமரைப் பார்த்துக் கத்தினோம். தண்ணீர்ச் செம்போடு முதலில் போனவள் ஒச்சம்மாள். வாயில் ஊற்றிய தண்ணீர் நெஞ்சு ஓட்டை வழியே வெளியே வருவதை அவள் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில்தான் ஆர்மோனியம் நின்றது.

மறுநாள் பொழுது சாய, மொக்கையனைத் தூக்கிக்கொண்டு போகும்போது அம்பு திரும்பி வந்தது. குளவிக் கூட்டம் வருவது மாதிரி ஒரு இரைச்சல் கேட்டது, அவ்வளவுதான். முதலில் ரெங்கராசு விழுந்தார். ராமர் வேஷத்தின் நீலம் அவர் கழுத்து மடிப்பில் இன்னும் போகாமல் இருந்தது. அடுத்து கொட்டுக்காரர்கள், அடுத்து பாடைக்கு முன்னால் தோள் கொடுத்தவர்கள், அதனால் பாடை சாய்ந்து பிணம் தெருவில் உருண்டது. அந்த நேரம் பார்த்து, நேற்றிலிருந்து தோட்டத்தில் ஒளிந்து கிடந்த தவசி, சுக்ரீவன் வேஷம் கலைக்காமல், லட்சுமணன் போட்ட அதே மாலையோடு ஓடி வந்து நடுத்தெருவில் நின்றான். அம்பு அவன் நெஞ்சுக்கு நேரே வந்து, மாலையைக் கண்டு, எதிரே வண்டி வந்தால் மாடு ஒதுங்குகிற மாதிரி ஒதுங்கி, அன்றைக்கு அத்தோடு மலைக்குத் திரும்பிப் போனது. போனதும் மாலை தானாக அறுந்து அவன் காலடியில் விழுந்தது.

"ஆத்தாடி, மாலையப் பாத்துல்ல ஒதுங்கிப் போகுது!" என்று கத்தினாள் ஒச்சம்மாளின் எதிர்வீட்டுப் பாக்கியத்தாய்.

அன்றிலிருந்து ஊரே மாலை போட்டது. எடுத்த எடுப்பில் எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. கல்யாணம் கட்டாமல் தனியாக இருந்த தபால்காரர் தங்கமுத்து, ஆள் உயர ரோஜா மாலையைத் தானே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மாலையோடு சேர்த்துத் தைத்துவிட்டுப் போனது. கூத்தில் சுக்ரீவன் தானாகப் போட்டுக்கொள்ளவில்லை, இன்னொரு கைதான் போட்டது என்பது அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது. பிளாஸ்டிக் மாலை செல்லாது என்பதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் மறுவீட்டுக்கு வந்திருந்த ஒரு புது மாப்பிள்ளை. சாவுகளை விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர், யூனிபாரத்துக்கு மேல் மாலை போட விதி இல்லை என்றார். அவருக்கு நெஞ்சுவலி என்று எழுதிக்கொண்டு போனார்கள், அடுத்து வந்தவர் ஜீப்பை விட்டு இறங்குவதற்கு முன்னாலேயே கழுத்தை நீட்டினார். பள்ளிக்கூடத்தில் சாயங்கால மணி அடித்ததும் பிள்ளைகள் எதிரெதிராக நின்று மாலை போட்டுக்கொண்டார்கள். பஸ் ஊருக்குள் நுழையும்போது கண்டக்டர் ஒவ்வொரு சீட்டாக வந்து டிக்கெட்டோடு மாலையும் போட்டார். சம்பங்கியும் செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் சோளக்காட்டைத் தின்றுவிட்டன, கோடையில் அரளியும் ஆவாரம்பூவும் கைகொடுத்தன. பூ வைக்கக்கூடாது என்று நாங்கள் மூலையில் உட்காரவைத்திருந்த தாலியறுத்த பெண்கள் எல்லாம் கழுத்து நிறையப் பூவோடு வாசலுக்கு வந்தார்கள், ஒரு பேச்சு பேச முடியவில்லை. மாமியாரும் மருமகளும் தினமும் மாலை மாற்றிக்கொண்டார்கள். பங்காளிச் சண்டையும் பொழுது சாய்கிற வரைக்கும்தான், அதற்கு மேல் ஒருத்தன் முன்னால் ஒருத்தன் தலையைக் குனிந்துதான் ஆக வேண்டும். இவ்வளவு அன்பாக ஒரு ஊர் இருந்ததே கிடையாது என்று நாங்களே எங்களை மெச்சிக்கொண்டோம்.

பிறகு மறதி வந்தது. ரைஸ்மில் ராசாங்கத்துக்கு ஒருநாள் மாலை போட அவர் மகன்கள் மறந்துவிட்டார்கள். அவர் முற்றத்தில் நின்று ஒவ்வொருத்தன் பெயராகக் கூப்பிட்டது தெருவுக்கே கேட்டது. வடக்கு வீட்டுப் புது மருமகளுக்கு மாலை போடப் போன மாமியாருக்குக் கை சுளுக்கிக்கொண்டது. ஒருத்திக்கு நூல் அறுந்தது, ஒருத்தனுக்குப் பூ கிடைக்கவில்லை, ஒருத்தன் மாலையைப் பங்காளியின் கழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அம்பின் இரைச்சல் கேட்கிற வரைக்கும் பேசிக்கொண்டே நின்றான். ஒவ்வொரு சாவுக்கும் ஊர்க்கூட்டம் கூடும். ஊர்ப் பெரியவர் பேயாண்டி எழுந்து, "கொன்னது யாரு?" என்று கேட்பார். "அம்பு" என்று சொல்வோம். "விட்டது யாரு?" என்பார். "சாமி" என்போம். சாமியே மரத்துக்குப் பின்னால் நின்ற கதைதான் இது, அதற்கு மேல் மனுஷனிடம் என்ன விசாரணை வேண்டிக் கிடக்கிறது என்று கலைந்துவிடுவோம். வெட்டுக்குத்து இல்லாத ஊர் என்று எங்களுக்கு நல்ல பெயர்.

ஒச்சம்மாளுக்கு வருகிறேன். புருஷனை எரித்த மறுநாள், பொழுது சாய்கிற நேரத்துக்கு அவள் மாலை இல்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தாள், சாவதென்று முடிவு செய்துவிட்டாள். தவசி கையில் இரண்டு சம்பங்கி மாலையோடு வந்து நின்றான். மூன்று விரல் மடங்காத கையால் ஒன்றைப் பிடித்திருந்தான்.

"கழுத்தக் குடுங்க மதினி."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கூத்து அம்புக்கு முனை கிடையாது, துணி உருண்டை நெஞ்சைத் துளைக்காது, அந்த அம்பைச் செய்தவன் இதோ நிற்கிறான். இதெல்லாம் அவளுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஊர்க்கூட்டத்தில் அவள் இதைச் சொன்னபோது, அம்பு எங்கே, முனை எங்கே, காட்டு பார்ப்போம் என்று நாங்கள் அவள் வாயை அடைத்திருந்தோம். ஆகையால் அவள் ஊரைக் கேட்காமல் அவனையே கேட்டாள்.

"உங்கண்ணனக் கொன்னது யாரு?"

"அம்பு, மதினி."

அவள் எழுந்து கழுத்தைக் கொடுத்தாள். அவன் கையில் இருந்த இன்னொரு மாலையை வாங்கி அவன் கழுத்தில் போட்டாள். அம்பு இருவருக்கும் நடுவே போனது, இரண்டு மாலையும் அறுந்து விழுந்தன. ஏன் போட்டாள் என்று பாக்கியத்தாய் பிற்பாடு கேட்டிருக்கிறாள். "இவனும் செத்துட்டா நான் யாரப் போயிக் கேப்பேன்?" என்றாளாம் ஒச்சம்மாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் விடாமல் நடந்தது. பொழுது சாயும், மாடுகள் வரும், அவள் மாலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கொன்னது யாரு என்பாள், அவன் அம்பு என்பான், அவள் அவனுக்குப் போடுவாள், அவன் அவளுக்குப் போடுவான். மழைக்காலம் வந்தது, கேட்டாள். பூ இல்லாத காலம் வந்தது, வேப்பிலை மாலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவன் தோட்டத்துக் கொட்டகையை விட்டு அவள் வீட்டுக்கு வந்தான், அவள் சோறு போட்டாள், மடங்காத அவன் விரல்களுக்கு நல்லெண்ணெய் தடவி நீவிவிட்டாள், ஒருநாள் அவன் பாயை உள்ளே எடுத்துப் போட்டாள், அன்றைக்கும் கேட்டாள். அவன் மேல் அவளுக்குப் பிரியம் வந்துவிட்டது, அதுதான் கொடுமை. மொக்கையன் மேல் இருந்த பிரியம் போகவும் இல்லை. இரண்டையும் ஒரு நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு பெண் இருந்தாள், நாங்கள் அதை வேடிக்கை பார்த்தோம். அவன் மட்டும் கடைசி வரைக்கும் அவளை மதினி என்றுதான் கூப்பிட்டான்.

இந்த வருஷம் கூத்தை மறுபடியும் நடத்தினால் அம்பு நின்றுவிடும் என்று பேயாண்டிக்கு யாரோ குறி சொல்லியிருந்தார்கள். வாலி பாட்டு முழுவதும் தெரிந்தவன் தவசி ஒருத்தன்தான். அண்ணன் பாடியதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம். "நீதாண்டா வாலி" என்று பேயாண்டி அவன் கையில் வெற்றிலையைக் கொடுத்துவிட்டார். மறுக்க முடியாமல் அவன் வீட்டு முற்றத்தில் மல்லாந்து படுத்துப் பாடிப் பழகினான். ஒச்சம்மாள் தூணோரம் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டு கேட்டாள். எதிரே நின்று கேட்டிருந்தால் என் பங்கையும் கொடுத்திருப்பேனே, என் உடன்பிறந்தானை ஏன் எனக்குப் பகையாக்கினாய் என்று வாலி ராமரைப் பார்த்துக் கேட்கிற இடம் வந்ததும் அவனுக்குக் குரல் எழும்பவில்லை. திரும்ப ஆரம்பித்தான். திரும்ப அதே இடத்தில் நின்றான். அவள் பூக் கட்டுவதை நிறுத்தவில்லை.

அன்றைக்குப் பொழுது சாய்ந்தது. மாடுகள் வந்தன. இரண்டு பேரும் வாசலில் எதிரெதிரே நின்றார்கள். எதிர்வீட்டில் மருமகனுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த பாக்கியத்தாய் எல்லாவற்றையும் பார்த்தாள், அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

ஒச்சம்மாள் மாலையைத் தூக்கிப் பிடித்தாள். "உங்கண்ணனக் கொன்னது யாரு?"

தவசி தன் மடங்காத விரல்களைப் பார்த்தான். அவள் இன்னொரு தரம் கேட்டாள்.

"நான்தான் மதினி."

மாலையைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

"பன்னி அடிக்கிற இரும்பு முனைய நான்தான் குச்சியில சொருகுனேன். ஜிகினாத் தாளச் சுத்தி நான்தான் ரெங்கராசண்ணன் கையில குடுத்தேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது. வெரலுக்காகச் செஞ்சேனா, உங்களுக்காகச் செஞ்சேனான்னு எனக்கே தெரியல மதினி. போடாதீங்க. எனக்கு மாலை போடாதீங்க."

இத்தனை காலமும் கேட்டுக்கொண்டிருந்தாளே தவிர, பதில் வந்தால் என்ன செய்வது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. மலைப் பக்கம் இரைச்சல் ஆரம்பித்துவிட்டது. அவள் முகம் கோணியது, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பாக்கியத்தாய்க்குத் தெரியவில்லை.

"இந்த ஒரு சொல்ல வச்சுக்கிட்டா இத்தன நாளா எஞ்சோத்தத் தின்ன, பாவி" என்றாள் ஒச்சம்மாள். சொல்லிக்கொண்டே மாலையை அவன் கழுத்தில் போட்டாள். போட்டுவிட்டு அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். விட்ட கையாலேயே அவன் தலையைத் தடவினாள்.

அவன் சாவுக்குத் தயாராகி நின்றவன். கழுத்தில் மாலை விழுந்ததும் உடைந்துபோய் அவள் காலைக் கட்டிக்கொண்டு விழுந்து, வாய்விட்டு அழுதான். அவளுக்குப் போட வேண்டிய மாலை அவன் மடிக்குள் கசங்கிக்கொண்டிருந்தது. "ஏலே தவசி, மாலடா! மாலையப் போடுடா!" என்று பாக்கியத்தாய் கத்தினாள். அவன் அழுகைச் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்கவில்லை. ஒச்சம்மாளுக்குக் கேட்டது. அவள் குனிந்து அவன் தோளைத் தொட்டாள், எழுப்பத்தான் தொட்டிருப்பாள். அம்பு அவனைச் சுற்றிக்கொண்டு போய் அவள் நெஞ்சில் ஏறியது.

மாலை அறுந்து விழுந்ததும்தான் அவன் தலையைத் தூக்கினான்.

ஊர்க்கூட்டம் கூடியது. பேயாண்டி எழுந்தார். "கொன்னது யாரு?" என்றார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் தவசி, ரத்தச் சட்டையோடு நடுவில் வந்து நின்று, "நான்" என்றான். "எங்கண்ணனக் கொன்னதும் நான், மதினியக் கொன்னதும் நான்" என்றான். ராசாங்கத்தின் மகன்கள் தரையைப் பார்த்தார்கள். வடக்கு வீட்டு மாமியார் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ஒருத்தன் நான் என்று சொல்ல ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும்?

"அம்புன்னு சொல்லுடா" என்றார் பேயாண்டி.

"நான்."

மறுநாள் பொழுது சாய்கிற நேரத்துக்கு அவன் முதல் மரத்துக்கு முன்னால், ஒளிவு மறைவு இல்லாத இடத்தில், சட்டையைக் கழற்றிவிட்டு மலையைப் பார்த்து நின்றான். சாகட்டும் என்று விட்டுவிடலாமா என்று எங்களில் சிலர் கேட்டார்கள். பேயாண்டி விவரம் தெரிந்தவர். "கூறு கெட்டவங்களா, இப்படி நெஞ்சக் காட்டிக்கிட்டு செத்தவன் சும்மா போவானா? எல்லையில சாமியா நிப்பான். வருசா வருசம் அவனுக்குப் பொங்க வைக்கணும், அவன் யாரு மேலயாச்சும் எறங்கி வந்து ஒவ்வொருத்தன் வாசல்லயா நின்னு கொன்னது யாருன்னு கேப்பான். நீங்க பதில் சொல்லுவீங்களா?" என்றார். ஏற்கெனவே ஒரு சாமியின் அம்பைத் தாங்கிக்கொண்டிருக்கிறோம், இன்னொரு சாமியின் கேள்வியையும் எங்களால் தாங்க முடியாது. ஓடிப்போய் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தோம். அவன் கடித்தான், உதைத்தான், ஒருத்தன் மூக்கு உடைந்தது. முழங்காலுக்குப் பின்னால் உலக்கையால் ஒரு போடு போட்டு மண்டியிட வைத்து, தலைமயிரைப் பிடித்து நிமிர்த்தி, மாலையைப் போட்டோம். அம்பு அவனைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனது.

அவனுக்கு நாங்கள் ஒரு வழி விட்டுத்தான் வைத்திருக்கிறோம், ஈவு இரக்கம் இல்லாதவர்கள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. கொன்னது அம்பு என்று ஊருக்கு முன்னால் ஒரு தடவை சொன்னால் போதும், அவனைப் பிடித்திருக்கிற கைகளை எடுத்துவிடுவோம், அவன் இஷ்டப்படி செத்துக்கொள்ளலாம், அது வெறும் விபத்து. ஒரே ஒரு சொல். அத்தனை காலமும் ஒச்சம்மாளிடம் கூசாமல் சொன்ன சொல்தான். ஆனால் அவன் சொல்ல மாட்டேன் என்கிறான். அதனால் வீட்டு முறை வைத்துக்கொண்டு தினமும் அவனுக்கு மாலை போடுகிறோம்.

இன்றைக்கு எங்கள் வீட்டு முறை. போகும்போது மலை இடுக்கில் வானம் சிவந்துவிட்டது. ராசாங்கத்தின் மூத்த மகன் ஒரு கையையும் வடக்கு வீட்டுக்காரன் இன்னொரு கையையும் பிடித்துக்கொண்டார்கள், நான் மாலையைத் தூக்கிப் பிடித்தேன். அவன் உடம்பு எலும்பாகிவிட்டது. முழங்கால் புண் ஆறவே இல்லை, ஈ மொய்க்கிறது. இரைச்சல் கிட்டத்தில் வந்துவிட்டது.

"தவசி, கொன்னது யாருடா?" என்றேன்.

எத்தனையோ நாளாகக் கேட்கிறோம், இன்றைக்காவது மாற்றிச் சொல்லிவிட மாட்டானா என்று எல்லோரும் அவன் வாயையே பார்த்தோம். சொல்லிவிட்டால் அவனுக்கும் விடுதலை, எங்களுக்கும் விடுதலை. அவன் என் கையிலிருந்த மாலையைப் பார்த்தான், என் கண்ணைப் பார்த்தான்.

"நான்" என்றான்.

அழுத்திப் பிடித்துக்கொண்டு மாலையைப் போட்டோம்.